உப்புத்தண்ணீர்க் கறையும் பழைய ரப்பிங் கோடும்: ஒரு கறுப்பு செடானுக்குப் பாலிஷும் பேடும் தேர்ந்த விதம்

பின்னணி

வண்டி ஐந்து வருடம் ஓடிய கறுப்பு செடான். மெட்டாலிக் இல்லாத சாலிட் கறுப்பு, மேலே கிளியர் கோட் எனும் நிறமில்லாத பூச்சு. உரிமையாளருக்கு வீடு பாளையங்கோட்டையில், கடை திசையன்விளையில். வாரத்தில் பெரும்பாலான நாள் நாங்குநேரி, இட்டமொழி வழியாகப் போய் வருவார். பகல் முழுக்க வண்டி கடை வாசலில் வெயிலில் நிற்கும். சில நாள் வேப்பமரத்தடியில். ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பினால் அந்தப் பக்கத்துத் தேரி மணல் வண்டி மேல் பொடியாகப் படியும். கடைப் பையன் போர் தண்ணீரை ஓஸில் அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து விடுவான். தண்ணீர் பாதி துணியில் போகும், மீதி வெயிலில் காயும்.

பத்து மாதம் முன்னால் வலது பின் கதவில் ஒரு வேன் உரசியது. டிங்கரிங் பார்த்து அந்தக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார்கள். அதோடு வண்டி முழுவதும், ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேட் போட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் செய்து கொடுத்தார்கள். எடுத்த அன்று வண்டி பளபளத்தது. நாலைந்து கழுவலில் பானெட்டில் நிழல் நிழலாக வரிகள் தெரிந்தன. திரும்பக் கொண்டுபோனபோது மறுபடி அதே ரப்பிங். மறுபடி அதே வரிகள். இந்த முறை செராமிக் கோட்டிங் அடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வேறொரு டீட்டெய்லிங் பட்டறைக்கு ஆனி மாதத் தொடக்கத்தில் வந்தார்.

"கோட்டிங் அடிச்சா இந்தக் கோடெல்லாம் மறைஞ்சிரும்லா அண்ணாச்சி?"

"மறையாது அண்ணாச்சி. கோட்டிங் தெளிவாத்தான் இருக்கும். அடியில என்ன கெடக்கோ அதுதான் வெளிய தெரியும். பொறவு அதச் சரி பண்ணணும்னா கோட்டிங்கையும் சேத்து எடுக்கணும்."

ஆகவே கோட்டிங்குக்கு முன் பெயிண்டைச் சரிசெய்வது என்று முடிவானது. எவ்வளவு தூரம் சரிசெய்வது, எதை வைத்து என்பதைத் தீர்மானிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. இந்த ஆய்வில் அதிக இடமும் அதற்கே.

முதல் பரிசோதனையில் தெரிந்தவை

டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டி நன்றாகவே இருந்தது. கறுப்பு வண்டியில் இதுதான் ஏமாற்றும் இடம். பரவலான வெளிச்சம் கோடுகளைக் காட்டாது; ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் காட்டும். நேர் வெயிலிலும், இரவில் பெட்ரோல் பங்க் விளக்கடியிலும் மட்டும் கோடு தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. கையில் பிடிக்கும் எல்.இ.டி. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது கிடைத்த பட்டியல் நீளமானது.

வண்டி முழுவதும் விளக்கைச் சுற்றி வட்டவட்டமாக நூலாம்படை போல ஸ்வர்ல் கோடுகள்: வேஸ்ட் துணியும் மணலும் சேர்ந்து போட்டவை. பானெட்டிலும் டிக்கியிலும் விளக்கை நகர்த்தினால் கூடவே நகரும் அகலமான நிழல் வரிகள்: ரோட்டரி விட்ட ஹோலோகிராம். ரூஃப், பானெட், டிக்கி மூன்றிலும் வெள்ளை விளிம்போடு தண்ணீர்ப் புள்ளிகள். ரூஃபில் காக்கை எச்சம் அரித்த இரண்டு திட்டுகள். கதவுகளின் கீழ்ப்பகுதியில் தார்ப்புள்ளியும் பொடிக்கல் அடித்த தடமும். கைப்பிடிக் குழிகளில் நகக்கீறல். இடது முன் ஃபெண்டரில் சாவியோ கம்பியோ பட்ட ஒரு நீளக் கீறல்.

அந்த நீளக் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டியபோது நகம் மாட்டியது. நகம் மாட்டும் கீறலைப் பாலிஷில் எடுக்க முயல்வது தவறு. சுற்றியுள்ள கிளியரை எல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்கினால்தான் அது மறையும். அதற்குள் கிளியரே தீர்ந்துவிடும். விளிம்பை மட்டும் மழுக்கினால் வெளிச்சம் அதில் சிதறுவது குறையும், தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவ்வளவே செய்வோம் என்று உரிமையாளரிடம் அப்போதே சொல்லப்பட்டது.

பெயிண்டின் கனம்

பெயிண்டின் கனத்தை மைக்ரானில் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் மீட்டரில் ஒவ்வொரு பேனலிலும் குறைந்தது ஆறு இடத்தில் அளவெடுத்தார்கள். ரூஃப் 112 முதல் 118. இடப்பக்கக் கதவுகள் 105 முதல் 112. டிக்கி 100 முதல் 106. பானெட்டின் நடுப்பகுதி 94 முதல் 99. முன் விளிம்பில், கிரில்லுக்கு மேலே உள்ள மடிப்பில் 78, 81, 76. வலது பின் கதவு 230 முதல் 285. பம்பர்கள் பிளாஸ்டிக் என்பதால் இந்த மீட்டர் அங்கே வேலை செய்யாது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பது முக்கியம். மீட்டர் காட்டுவது தகட்டுக்கு மேலுள்ள மொத்தக் கனம்: அடிப்பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து. கிளியர் மட்டும் எவ்வளவு என்று அது சொல்லாது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலான கார்களில் மொத்தமாக 90 முதல் 140 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் 35 முதல் 50. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு இந்தக் கிளியரில்தான் இருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து அதில் 8 முதல் 10 மைக்ரானுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது தொழிலில் பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை.

பானெட்டின் முன் விளிம்பு ஏன் மெலிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மடிப்புகளில் பெயிண்ட் கம்பெனியிலேயே மெல்லிசாக நிற்பது உண்டு. இரண்டு முறை ரோட்டரி ஓடியதும் காரணமாக இருக்கலாம். எதுவானாலும், ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. கிளியரை அதிகம் தேய்த்தெடுக்கும் முரட்டுப் பாலிஷான கட்டிங் காம்பவுண்ட் அந்த விளிம்பில் படக்கூடாது என்பது அளவெடுத்தபோதே முடிவானது.

கழுவலும் கறை நீக்கமும்

மெஷினைத் தொடுவதற்கு முன் பெயிண்டின் மேல் ஒட்டியிருப்பது எல்லாம் போக வேண்டும். இல்லையென்றால் அது பேடில் ஏறி, மெஷினே புதுக் கோடு போடும். முதலில் நுரை அடித்து மணலை இறங்கவிட்டு, இரண்டு வாளி முறையில் ஷாம்பு கழுவல். தாருக்கு டார் ரிமூவர். இரும்புத் துகளுக்கு ஐயர்ன் ரிமூவர். பிரேக் பொடி படியும் பின் ஃபெண்டர் ஓரங்களில் ஊதா நிறம் இறங்கியது.

தண்ணீர்க் கறைக்குத் தனி வேலை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் ஆவியானதும் கெட்டியாகப் படிந்துவிடும். அந்தப் படிவு காரமானது. பாலிஷில் தேய்த்தால் உதிர்ந்து பேடில் மாட்டும், அமிலத்தில் கரையும். வெள்ளை வினிகரையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியை நனைத்து, ஆறிய பேனலில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சூடான பேனலில் இதைச் செய்தால் வினிகர் காய்ந்து அதுவே தடம் விடும். டிக்கியில் பெரும்பாலான புள்ளிகள் இதிலேயே போயின. ரூஃபிலும் பானெட்டிலும் வெள்ளை விளிம்பு போனது, வட்டம் அப்படியே நின்றது. படிவு போன பிறகும் வட்டம் தெரிந்தால் கிளியரே அரிபட்டுக் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு இனி வினிகர் பயன்படாது, பாலிஷ்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் காம்பவுண்டில் தேய்ப்பதால் வீணாகப் போகும் கிளியர் கொஞ்சமல்ல.

கடைசியாக, நிறைய லூப்ரிகண்ட் தெளித்து ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியான கிளே பாரில் மெல்லிய வகையை ஓட்டினார்கள். கறுப்பில் கிளே லேசான உரசல் விடும். பின்னால் பாலிஷ் வருவதால் அது பொருட்டில்லை. பாலிஷ் செய்யும் எண்ணம் இல்லாத கறுப்பு வண்டியில் கிளே ஓட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பின்பு பீடிங், லோகோ, பானெட்டின் முன் மடிப்பு எல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூடப்பட்டன. பழைய ரப்பிங்கின் மேல் ஏதாவது எண்ணெய் நிரப்பி மிச்சம் இருந்தால் அது போக, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு பங்கு கலந்து துடைத்தார்கள். துடைத்ததும் பானெட்டில் கோடுகள் கூடின. அவை புதுக் கோடுகள் அல்ல, நிரப்பி மறைத்து வைத்திருந்தவை. வண்டி எடுத்த அன்று பளபளத்து, நாலைந்து கழுவலில் மங்கியதற்கான விளக்கம் இந்தத் துடைப்பில் கிடைத்தது.

சோதனைக் கட்டம்

பானெட்டின் நடுவில், கனம் நன்றாக உள்ள பக்கத்தில், 45 செ.மீ.க்கு 45 செ.மீ. கட்டங்களாக டேப் ஒட்டினார்கள். மெஷின் 15 மி.மீ. வீச்சுள்ள டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்: பேட் சுற்றிக்கொண்டே வீசும் வகை); பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட் 125 மி.மீ. ரோட்டரி வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம், இங்கே எடுக்க வேண்டிய குறைகளில் ஒன்றே ரோட்டரி விட்டதுதான். 2000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தை எடுக்க ரோட்டரி நல்ல கருவி. இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

விதி ஒன்றுதான்: மெல்லிய ஜோடியிலிருந்து தொடங்கி ஏறுவது, குறைக்குக் காரணம் தேடும்போது பாலிஷையோ பேடையோ ஒன்றை மட்டும் மாற்றுவது. அப்போது இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

முதல் கட்டத்தில் ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும். கறுப்பு ஆழமாகத் தெரிந்தது, ஹோலோகிராம் மங்கியது, ஸ்வர்ல் அசையவில்லை. அடுத்து மீடியம் பாலிஷும் மீடியம் ஃபோம் பேடும். ஹோலோகிராம் முழுதாகப் போனது, ஸ்வர்லில் பாதிக்கு மேல் போனது, தண்ணீர் வட்டங்கள் நின்றன. இந்தப் பாலிஷ், அதில் உள்ள உரசும் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகிப் போகும் வகை. அப்படிப்பட்டதைப் பாதியில் நிறுத்தினால் உடையாத துகள் மங்கலை விட்டுச் செல்லும். எண்ணெய்ப் படலம் கண்ணாடி போலத் தெளியும் வரை ஓட்ட வேண்டும். துகள் உடையாத வகைப் பாலிஷில் இந்தக் கணக்கு இல்லை. அதில் ஓட்டும் நேரமே வெட்டை, அதாவது எவ்வளவு கிளியர் தேய்ந்து போகிறது என்பதைத் தீர்மானிக்கும். டப்பாவில் எந்த வகை என்று படித்துத் தெரிந்துகொள்ளாமல் மெஷினை எடுக்கக்கூடாது.

மூன்றாவதாக கட்டிங் காம்பவுண்டும் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடும். ஸ்வர்ல் முழுதாகப் போனது, தண்ணீர் வட்டங்களும் பெரும்பாலும் போயின. ஆனால் துடைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. கிட்டத்தில் விளக்கைப் பிடித்தால் கோடு கோடாக இல்லை, மேலெல்லாம் புகை படிந்தது போல ஒரு மங்கல்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் சொல்வது, "காம்பவுண்ட் முரடு, லேசானதா மாத்து" என்பது. அதன்படி பேடை அப்படியே வைத்துக்கொண்டு மீடியம் பாலிஷுக்கு மாறிப் பார்த்தார்கள். வெட்டு குறைந்தது, மங்கல் குறையவில்லை. அப்படியானால் மங்கல் காம்பவுண்டிலிருந்து வரவில்லை, பேடின் இழையிலிருந்து வருகிறது. மைக்ரோஃபைபர் பேடில் ஒவ்வொரு இழை நுனியும் துகளைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தேய்க்கிறது. கெட்டியான கிளியரில் அதனால் வேகமான, சுத்தமான வெட்டு கிடைக்கும். இந்த வண்டியைப் போன்ற மெத்தென்ற கிளியரில் இழையின் தடமே பதிந்துவிடும்.

அடுத்த கட்டத்தில் திரும்பக் கட்டிங் காம்பவுண்டுக்கு வந்து, பேடை மட்டும் மீடியம் ஃபோமாக மாற்றினார்கள். ஸ்வர்ல் போனது, வட்டங்களில் ஆழம் குறைந்தவை போயின, மங்கல் மிக லேசாக மட்டுமே இருந்தது. அதன் மேல் ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான ஃபோமும் ஒரு சுற்று ஓட்டி, ஆல்கஹால் கலவையில் துடைத்ததும் கறுப்பு தெளிந்தது. முரட்டுக் காம்பவுண்ட், நடுத்தரப் பேட், பிறகு ஃபினிஷிங்: வண்டியின் பெரும்பகுதிக்கு இந்த ஜோடி உறுதியானது.

இதில் பாலிஷ் டப்பாவில் வெட்டுக்கு ஒரு கம்பெனி போடும் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பேடின் நிறமும் அப்படியே: ஒரு கம்பெனியில் மஞ்சள் என்றால் மென்மை, இன்னொன்றில் மஞ்சள்தான் முரடு. கடைக்காரர் சொல்லும் நிறத்தை நம்பாமல், பேடை விரலால் அழுத்திப் பார்த்து, சோதனைக் கட்டத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதுதான் வழி.

பேனல் வாரியாக எடுத்த முடிவு

ரூஃபில் கனம் போதுமான அளவு இருந்தது. மேலே சொன்ன ஜோடிக்கு அடங்காத வட்டங்களுக்கு மட்டும், 75 மி.மீ. சின்ன மைக்ரோஃபைபர் பேடில் கட்டிங் காம்பவுண்ட் வைத்து அந்த இடத்தில் மட்டும் ஓட்டி, பிறகு ஃபோமில் மங்கலை எடுப்பது. காக்கை எச்சம் அரித்த திட்டுகளில் ஒன்று இதில் போகும் என்று தெரிந்தது. இன்னொன்று ஆழம், விளிம்பை மட்டும் மழுக்கினால் போதும்.

பானெட்டில் நடுப்பகுதிக்கு அதே ஜோடி. முன் மடிப்பில் மட்டும் மீடியம் பாலிஷ், மென்மையான ஃபோம், கையழுத்தம் இல்லாமல். அங்கே உள்ள தண்ணீர் வட்டங்கள் நிற்கும். அதை வண்டிக்காரரிடம் விரல் வைத்துக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள்.

பம்பர்களுக்கு மீடியம் பாலிஷ். தகடு சூட்டை இழுத்துப் பரப்பும், பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. ஒரே இடத்தில் சூடு தங்கி பெயிண்ட் இளகும். ஆகவே வேகம் குறைவு, சுற்று குறைவு.

வலது பின் கதவு தனிக் கதை. அங்கே ஒரு கட்டம் ஓட்டிப் பேடைத் திருப்பிப் பார்த்தபோது பேட் கறுத்திருந்தது. கிளியர் உள்ள பேனலில் பேடில் வண்டியின் நிறம் வந்தால், கிளியரைத் தாண்டி நிறத்தைத் தொட்டாகிவிட்டது என்று பொருள். அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆனால் இங்கே கனம் 230க்கு மேல், ஓட்டியதோ ஒரே சுற்று. அந்தக் கனமும் அந்தக் கறுப்பும் சேர்ந்தால் விளக்கம் வேறு: கதவுக்கு மறுபெயிண்ட் அடித்தவர்கள் கிளியர் போடாமல் நேரடிப் பளபளப்புக் கறுப்பை மட்டும் அடித்திருக்கிறார்கள். தேய்வது நிறமேதான். அந்தப் பெயிண்ட் மெத்தென்று இருந்ததால் தேய்ந்த பொடி காம்பவுண்டோடு கலந்து பசையாகி, பேடில் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டியது. அந்த உருண்டைகள்தான் பெயிண்டில் பன்றிவால் போலச் சுருண்ட கோடுகளைப் போட்டன. காம்பவுண்டை நிறுத்திவிட்டு, ஃபினிஷிங் பாலிஷையே மீடியம் ஃபோமில் வைத்து, கட்டத்துக்குக் கட்டம் பேடை மாற்றினால் சுத்தமாக வந்தது.

வேலை நடந்த விதம்

தகரக் கொட்டகையில் ஆனி மாத வெயில். உச்சி வேளையில் காம்பவுண்ட் இரண்டு சுற்றுக்குள் காய்ந்து வெள்ளைப் பொடியாகப் பறந்தது. காய்ந்த காம்பவுண்ட் வெட்டாது, உரசும். அதனால் கட்டிங் வேலை காலை பதினோரு மணிக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும் மட்டும் நடந்தது. கட்டத்தை 40 செ.மீ.க்குச் சுருக்கி, மெஷினின் வேகத்தை ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கி, பேடில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு தெளிப்புத் தெளித்தார்கள். காற்றில் மணல் வராமல் இருக்க மேற்கு ஷட்டரை மூடி, தரையை நனைத்தார்கள். மின்விசிறி கிடையாது.

புதுப் பேடில் முதல் முறை மேற்பரப்பு முழுவதும் காம்பவுண்ட் தடவி விரலால் அமுக்கி விடுவது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று சொட்டு. நிறையப் போட்டால் வெட்டு கூடாது, பேட் வழுக்கும். மெஷினை நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. வேகத்தில், ஒரு தடத்தின் பாதி மேல் அடுத்த தடம் விழும்படி, நீளவாக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றி ஆறு சுற்று.

டி.ஏ. மெஷினில் பேட் சுற்றுவதும் வீசுவதும் சேர்ந்தால்தான் வெட்டும். கதவின் உட்குழிவிலும் அழுத்தம் கூடிய இடத்திலும் சுற்று நின்று, வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். நின்றால் அழுத்தத்தைக் குறைப்பது, பேடைத் தட்டையாகப் பிடிப்பது. அதற்கும் மசியாத கைப்பிடிப் பக்கங்களில் 75 மி.மீ. பேட்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு ஃபோமைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தார்கள். மைக்ரோஃபைபரைக் காற்றுக் குழாயால் ஊதினார்கள். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் வீதம் மாற்றினார்கள். பேட் சூடேறி நனைந்துவிட்டால் நடுவில் ஒட்டுப்பசை இளகி வெல்க்ரோ பிரியும். அப்படிப் பிரியும் பேட் ஓடும்போதே கழன்று மெஷினின் பிளேட் பெயிண்டில் பட்டால் அந்தப் பேனலே போச்சு. ஐந்து பேட் இல்லாமல் ஒரு முழு வண்டியில் கட்டிங் வேலைக்கு இறங்குவது வீண்.

துடைப்பதிலும் கறுப்பு வண்டி சும்மா விடாது. தையல் விளிம்பு இல்லாத, அடர்ந்த மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, பாலிஷ் காய்வதற்கு முன், அழுத்தாமல். ஒரு பக்கம் அழுக்கானால் மடிப்பைத் திருப்புவது. கீழே விழுந்த துணியைத் திரும்ப எடுக்கவில்லை.

முடிந்த பின் அதே குறியிட்ட இடங்களில் மறுபடி அளவெடுத்தார்கள். பானெட்டின் சராசரி இரண்டு முதல் மூன்று மைக்ரான் இறங்கியிருந்தது. ரூஃபில் சின்னப் பேட் ஓடிய இடங்களில் மூன்று, நாலு. மீட்டரின் சொந்தப் பிழையே இரண்டு மைக்ரான் வரை வரலாம் என்பதால் ஒற்றை அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் பலமுறை எடுத்த சராசரிக்கே மதிப்பு. முன் மடிப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆல்கஹால் கலவையில் துடைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகே கோட்டிங் அடித்தார்கள். பாலிஷின் எண்ணெயும் சூடும் சேர்ந்து பெயிண்டைச் சற்று உப்ப வைத்துக் கோட்டை மறைப்பது உண்டு. ஓர் இரவில் அது வற்றும். வலது பின் கதவின் மேல்பாதியில் லேசான மங்கல் அப்படித்தான் திரும்ப வந்தது. அங்கே ஃபினிஷிங் இன்னொரு சுற்று ஓடியது. கோட்டிங் வேலையில் குறிப்பிட ஒன்றுமில்லை.

பின்னால் நடந்தது

நாலு மாதம் கழித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சமயம், வண்டி பரிசோதனைக்கு வந்தது. ஹோலோகிராம் இல்லை. பானெட்டிலும் ரூஃபிலும் ஸ்வர்ல் மிகக் குறைவு. கதவுகளின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுக் கோடுகள்; மணல் அதிகம் அடிபடும் இடம் அது. டிக்கி மேல் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். "கோட்டிங் போயிட்டோ?" என்று உரிமையாளர் கவலைப்பட்டார். கோட்டிங் போகவில்லை. கோட்டிங் உப்புப் படிவதைத் தடுக்காது. தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்று அதே இடத்தில் காய்வதால் புள்ளி இன்னும் எடுப்பாகவே தெரியும். பாதி வினிகர்க் கலவையில் அத்தனையும் போனது. கீழே பெயிண்டில் குழி விழவில்லை.

எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில் கடைப் பையன் இப்போது போர் தண்ணீர் வேண்டாம் என்று, குடிதண்ணீர் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்துக் கழுவியிருந்தான். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் மூலத் தண்ணீரைவிட உப்பு அதிகம். உப்பை நீக்கித் தள்ளுவதுதானே அந்த மெஷினின் வேலை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்ததில் கடையின் போர் தண்ணீர் 1,400க்குக் கிட்டே, கழிவுத் தண்ணீர் 2,000க்கு மேலே. பாளையங்கோட்டை வீட்டில் வரும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் 200க்குள். கழுவுவது வீட்டில், காலை நிழலில், உடனே துடைத்துவிடுவது என்று ஏற்பாடு மாறியது. கடையில் நிற்கும்போது தூசி எவ்வளவு இருந்தாலும் உலர்ந்த துணியால் தட்டக்கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடைசி அலசலுக்கு அதைப் பிடித்து வைத்தால் போதும்.

அடுத்து இப்படி ஒரு வண்டி வந்தால் மாற வேண்டியவை

கனம் அளப்பது விலை பேசுவதற்கு முன் நடக்க வேண்டும். இந்த வண்டியில் விலை பேசிய பிறகுதான் மறுபெயிண்ட் கதவும் மெலிந்த விளிம்பும் தெரிந்தன. கதவு மட்டும் கூடுதல் பேடும் நேரமும் தின்றது. கூடவே எந்தப் பேனலில் பெயிண்ட் அடித்தீர்கள், கிளியர் போட்டார்களா என்ற கேள்வியை வண்டி வந்ததுமே கேட்க வேண்டும். உரிமையாளருக்குத் தெரியாவிட்டால் மறைவான ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்துக் கையால் தேய்த்தாலே துணி சொல்லிவிடும்.

சாலிட் கறுப்பில் சோதனையை மைக்ரோஃபைபர் பேட் வரை கொண்டுபோக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஃபோம் பேடுகளின் மென்மையில் இன்னும் இரண்டு படி கையிருப்பில் இருந்தால் அந்த இடைவெளி நிரம்பும். கண்ணாடிகளுக்கு நடுவே கதவுகளில் உள்ள பளபளப்புக் கறுப்பு பிளாஸ்டிக் பில்லர்களை முதல் நாளே டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். கட்டிங் பேடின் ஓரம் ஒருமுறை பட்டாலே கோடு விழும் பொருள் அது. அதற்கு ஃபினிஷிங் பாலிஷும் மிக மென்மையான பேடும் கையாலேயே போதும்.

இன்னொன்று, அளவெடுத்த எண்களைப் பேனல் படத்தோடு ஒரு தாளில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுப்பது. பானெட்டின் முன் மடிப்பு 76 முதல் 81, இனி இங்கே ஃபினிஷிங் மட்டும். வலது பின் கதவில் கிளியர் இல்லை. ரூஃபின் இடது மூலையில் எச்சத் திட்டு தெரிந்தே விட்டது. இந்த வண்டிக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டு ஆர்.சி. நகலோடு டேஷ்போர்டில் இருக்கிறது. அடுத்த பட்டறையில் யாராவது ரோட்டரியைக் கையில் எடுப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும்.